சிவப்புப் புள்ளி விழுந்த இடம்

வாத்துக்காரர் நீர்வள அலுவலகத்துக்குப் போனது ஒரு புகார் கொடுக்க. அங்கே அவரைப் பங்காளர் ஆக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் ரொம்பச் சின்னது. அவருடைய வாத்துப் பட்டி ஓடைக் கரையில் இருந்தது. ஓடையில் கொஞ்ச காலமாகத் தண்ணீர் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. மேலே ஓடை வளைகிற இடத்தில் கல் அறுக்கும் பட்டறை ஒன்று புதிதாக வந்திருந்தது. பணக்கார வீடுகளின் தரைக்குப் பதிக்கிற பளபளப்புக் கல்லை அங்கே அறுத்து, தேய்த்து, அந்த மாவையெல்லாம் கழுவி ஒரு குழாய் வழியாக ஓடையில் விட்டார்கள். இதில் மூடுமந்திரம் எதுவும் இல்லை. குழாய்க்குள் ஓர் ஆள் குனியாமல் நடந்து போகலாம்.

வாத்துகளுக்குக் கண் ஓரத்தில் வெள்ளை பூத்தது. இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கொஞ்ச நாளில் அவை தண்ணீரில் இறங்குவதையே நிறுத்திவிட்டன. முட்டையைக் கையில் எடுத்தாலே ஓடு நொறுங்கியது. வழக்கமாக வாங்குகிற ரொட்டிக்கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பாதியைத் திருப்பி அனுப்பினார். அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அந்த முட்டையால்தான். ஆகவே வாத்துக்காரர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் புறப்பட்டார்.

அலுவலகத்தில் புகார் வாங்குகிற ஜன்னல் இருந்த இடத்தில் ஒரு சோபாவும் பூந்தொட்டியும் இருந்தன. எங்கே கொடுப்பது என்று தெரியாமல் நின்றவரை அதிகாரியே வெளியே வந்து கையைப் பிடித்து உட்காரவைத்தார். அதுவே வாத்துக்காரருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அரசாங்க ஆள் ஒருவர் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"புகார்னா என்னங்க?" என்று அதிகாரி ஆரம்பித்தார். "நீங்க ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம்னு ஆயிடுது. தப்பு ஒருத்தர் தலையில, வேலை இன்னொருத்தர் தலையில. அதெல்லாம் அந்தக் காலம். இப்ப எல்லாரும் பங்காளர். தப்பும் பொது, வேலையும் பொது. அதனால எங்களுக்குன்னு தனியா எந்த வேலையும் கிடையாது. இந்த நிலைக்கு வர்றதுக்கு நாங்க எவ்வளவு பாடுபட்டிருக்கோம் தெரியுமா?"

வாத்துக்காரர் தெரியாது என்றார். அதிகாரி அவர் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார். நீலத் துளி ஒன்று சிரிக்கிற படம், கீழே 'நீர்ப்பிடிப்புப் பகுதிச் சமூகப் பங்காளர்' என்ற எழுத்து. பங்காளர் அவையில் எல்லாரும் இருக்கிறார்கள், சமூகம் மட்டும்தான் குறைந்தது, நல்ல வேளையாக நீங்கள் வந்தீர்கள் என்று சொல்லி, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

வீட்டில் மனைவி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பங்காளின்னா சொத்தைப் பிரிச்சுக்க வர்றவன்தானே? நம்மகிட்ட பிரிக்கிறதுக்கு வாத்தை விட்டா என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

அவளுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு குத்தல் என்று வாத்துக்காரர் நினைத்துக்கொண்டார். உள்ளுக்குள் அவருக்கு அந்த அட்டை பிடித்துப்போயிருந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டார். ஆனால் பட்டியைக் கூட்டும்போதுகூடக் கழற்றவில்லை.

முதல் கூட்டம் ஒரு குளிரூட்டிய மண்டபத்தில் நடந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள், யாரும் தலைமை இடத்தில் இல்லை என்று காட்டுவதற்காக. ஆனால் அதிகாரி உட்கார்ந்த பக்கம்தான் எல்லாரும் திரும்பி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்திலும் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. ஓடையைக் காக்க வந்தவர்கள் ஓடைத் தண்ணீரைக் குடித்துச் சாக வேண்டுமா என்ன?

கூட்டத்தை நடத்தியவர் ஒருங்கிணைப்பாளர் அம்மா. மெதுவான குரல், எந்நேரமும் கலங்கத் தயாராக இருக்கும் கண்கள். அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் வாத்துக்காரர் ஒரு வேளை தப்பித்திருப்பார். பக்கத்தில் ஆலோசகர், மடியில் கணினியோடு. அவருக்கு அடுத்து வெள்ளை வேட்டியும் விரல் நிறைய மோதிரமுமாகப் பட்டறை முதலாளி. அவர் கழுத்தில் தங்க ஓரம் போட்ட அட்டை தொங்கியது. அவர் முதன்மைப் பங்காளர். மண்டபமும் பாட்டிலும் அவர் உபயம்.

அம்மா அவையின் விதிகளைச் சொன்னார். இங்கே 'புகார்' கிடையாது, 'வாய்ப்பு' என்று சொல்ல வேண்டும். 'அழுக்கு' கிடையாது, 'சவால்' உண்டு. மிக முக்கியமாக, 'யார்' என்ற கேள்வியே கூடாது.

"யார்னு கேட்டா விரல் நீளும். எப்படின்னு கேட்டா கை சேரும்" என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். முதலாளி அதைத் தன் பட்டறை வாசலில் கல்லில் பொறித்து வைக்கப்போவதாகச் சொன்னார்.

பிறகு அறிமுகம். பெயரும் வேலையும் சொன்னால் ஏற்றத்தாழ்வு வரும் என்பதால், நீங்கள் நீராக இருந்தால் எந்த நீராக இருப்பீர்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அதிகாரி மழை என்றார். ஆலோசகர் நிலத்தடி நீர் என்றார், அதற்கேற்ற முகத்தோடு. முதலாளி கண்ணை மூடி யோசித்துவிட்டு, தான் ஊற்று, எடுக்க எடுக்கக் கொடுத்துக்கொண்டே இருப்பேன் என்றார். வாத்துக்காரருக்கு ஒன்றும் தோன்றவில்லை. குட்டையில் தேங்கின தண்ணீர் என்று சொல்லிவைத்தார். அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அன்றைக்குப் பொழுது அதிலேயே போய்விட்டது. வாத்தைப் பற்றி அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று அவரும் வீட்டுக்கு வந்துவிட்டார். வரும்போது பட்டியில் ஒரு பெட்டை செத்துக் கிடந்தது.

அடுத்தது ஓடை நடை. பங்காளர் எல்லாரும் ஓடைக் கரையோடு நடந்து அதை அறிந்துகொள்வது என்று ஏற்பாடு. வாத்துக்காரருக்கு உயிர் வந்தது. வாயால் சொல்ல முடியாததைக் கண்ணால் பார்க்கப்போகிறார்களே. விடிந்ததும் போய்க் கரையில் காத்திருந்தார். வந்தவர்களுக்கு அம்மா ஆளுக்கொரு கறுப்புத் துணி கொடுத்தார், கண்ணைக் கட்டிக்கொள்ள.

கண் குறை தேடும், காதுதான் உறவு தேடும் என்று ஆலோசகர் விளக்கினார். வெளியூரில் இப்படித்தான் செய்கிறார்களாம். எல்லாரும் முன்னால் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். முதலாளி வழி தெரிந்தவர் என்பதால் அவர் மட்டும் கண்ணைக் கட்டாமல் முன்னால் போனார். வளைவுக்குப் பக்கத்தில் வந்ததும் வரிசை தானாகவே நின்றுவிட்டது. மண் சரிவில் ஏதோ பெரிய நீர்வீழ்ச்சி கொட்டுகிற மாதிரி இரைச்சல்.

"ஆஹா" என்றார் அதிகாரி. "இதுதான் உயிர்த்துடிப்பு. இந்த இடத்துலதான் ஓடை வாழ்ந்துட்டு இருக்கு."

வாத்துக்காரர் துணியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். பட்டறைக் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சாரல் அதிகாரியின் கால்சட்டை வரைக்கும் தெறித்திருந்தது. வாத்துக்காரர் வாயைத் திறக்கப்போனார். அதற்குள் அம்மா பக்கத்தில் வந்து, கோபமே இல்லாமல், குழந்தைக்குப் போர்வையைச் சரிசெய்கிற மாதிரி அவர் கண்ணுக்குத் துணியை இறக்கிவிட்டார். ஓடையின் மிக ஆரோக்கியமான பகுதி என்று அந்த இடத்தை ஆலோசகர் குறித்துக்கொண்டார். அதற்குக் கீழே போகவேண்டிய அவசியம் இல்லாமல் போனதால் எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

தண்ணீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் என்ன என்று அடுத்த கூட்டத்தில் வாத்துக்காரர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார். மண்டபத்தில் சட்டென்று ஒரு சங்கடம் பரவியது. பரிசோதனை என்பது நம்பிக்கையின்மையின் அடையாளம் என்று அம்மா வருத்தத்தோடு சொன்னார். பரிசோதிக்கிற அளவுக்கு நம் உறவு இன்னும் முதிரவில்லை என்று ஆலோசகர் சேர்த்துக்கொண்டார். முதலாளி பெருந்தன்மையாகச் சிரித்து, நண்பர் ஆர்வத்தில் கேட்டுவிட்டார், நான் மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றார். வாத்துக்காரருக்கு ஏதோ தப்புச் செய்துவிட்டது போலக் காது சூடாகிவிட்டது. முதலாளியிடம் மன்னிப்புக்கூடக் கேட்டார்.

அன்றைக்குத்தான் வரைபடம் வந்தது. சுவர் நிறையத் துணியில் அச்சடித்த படம். ஓடை நல்ல நீலத்தில் நெளிந்து போனது. ஆளுக்கு ஒரு தாள் நிறையச் சிவப்புப் புள்ளி ஒட்டிகள் கொடுத்தார்கள். எங்கே சவால் இருக்கிறதோ அங்கே ஒட்ட வேண்டும். சமூகத்தின் அறிவே முதல் அறிவு என்பதால் வாத்துக்காரர்தான் முதலில் ஒட்ட வேண்டும் என்றார் அம்மா.

அவர் படத்தின் முன்னால் நின்று வளைவைத் தேடினார். வளைவு இருந்தது, பட்டறை இல்லை. அந்த இடத்தில் ஒரு மரம் வரைந்திருந்தார்கள், கிளையில் கிளி வேறு. தனியார் இடங்களைப் படத்தில் போடுவதில்லை, அது ஒருவரைச் சுட்டிக் காட்டுவது போல் ஆகிவிடும் என்று ஆலோசகர் சொன்னார். ஆனால் கீழே கரையோரம் ஒரு வாத்து அழகாக நின்றது. அது சமூகம் என்பதால் போட்டிருந்தார்கள்.

மரத்தின் மேலும் கிளியின் மேலும் எப்படி ஒட்டுவது என்று வாத்துக்காரருக்குப் புரியவில்லை. பின்னால் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியர்த்தது. சவால் தனக்குத்தானே, வாத்துக்குத்தானே, கண் பூத்துச் சாகிறது அங்கேதானே என்று நினைத்து, அந்த வாத்துப் படத்தின் மேல் புள்ளியை ஒட்டினார். தன்னிடம் இருந்ததையெல்லாம் அங்கேயே ஒட்டினார். நிறைய ஒட்டினால் சீக்கிரம் கவனிப்பார்கள் என்று ஓர் எண்ணம்.

அதன் பிறகு மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ஓடையைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டவர்கள், மீதிப் பேர் அதற்கும் வராதவர்கள். எங்கே ஒட்டுவது என்று யாருக்கும் தெரியாது. சமூகம் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேயே ஒட்டினார்கள். அதிகாரி ஒட்டினார். முதலாளி, நண்பர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தன் தாளைக் காலி செய்தார். கடைசியில் வாத்துப் படம் முழுக்க மறைந்து, அம்மை போட்ட மாதிரிச் சிவந்துவிட்டது. தன் கஷ்டத்தை இத்தனை பேர் புரிந்துகொண்டார்களே என்று வாத்துக்காரர் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். பாவம், அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாம் நல்லபடியாக முடியப்போகிறது என்று சொன்னார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. அடுத்த கூட்டத்தில் ஆலோசகர் கையில் ஒரு குச்சியோடு எழுந்தார். நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்க ஒரே ஓர் இடம்தான் சிவப்பாக இருக்கிறது, இப்படித் தெளிவான முடிவைத் தன் அனுபவத்தில் எங்கேயும் பார்த்ததில்லை என்றார். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அதிகாரி கேட்டார். ஆலோசகர் ஒரு புள்ளியை உரித்துப் பார்த்தார்.

"வாத்து" என்றார்.

வாத்து தண்ணீரில் எச்சமிடும் என்று ஒருவர் சொன்னார். காலால் அடிமண்ணைக் கிளறிக் கலக்கும் என்றார் இன்னொருவர். இறகு உதிரும் என்று யாரோ பயத்தோடு சொன்னார்கள்.

வாத்துக்காரர் எழுந்துவிட்டார். "ஐயா, வாத்து தண்ணியில இறங்கியே ரொம்ப நாளாச்சுங்க. தண்ணி கெட்டுப்போச்சுன்னு அது இறங்கவே மாட்டேங்குது."

ஆலோசகர் அனுதாபத்தோடு தலையாட்டினார். "பாருங்க. வாத்தே இறங்க முடியாத அளவுக்கு வாத்து கெடுத்து வச்சிருக்கு."

ஆக, பட்டியை ஓடைக் கரையிலிருந்து அகற்றுவது என்று தீர்மானம் வந்தது. இந்த அவையில் ஓட்டெடுப்பு கிடையாது, அது தோற்றவர் என்று ஒரு கூட்டத்தை உண்டாக்கும். எல்லாரும் கையை நெஞ்சில் வைத்தால் தீர்மானம் நிறைவேறியது. மறுப்பும் கிடையாது. சேர்ப்பு மட்டும்தான். ஒத்துக்கொள்ளாதவர் தீர்மானத்தோடு எதையாவது சேர்க்கலாம்.

ஒவ்வொருவராகக் கை நெஞ்சுக்குப் போனது. வாத்துக்காரர் கை மட்டும் தொங்கியது. சமூகம் எதையாவது சேர்க்க விரும்புகிறதா என்று அம்மா கனிவாகக் கேட்டார்.

"அது எங்க பொழப்பும்மா" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "வாத்து போச்சுன்னா நாங்க எதைச் சாப்பிடுறது?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையில் 'மாற்று வாழ்வாதாரம்' என்று எழுதினார். அருமையான சேர்ப்பு என்று அதிகாரி பாராட்டினார். பட்டறையில் ஒரு வேலை போட்டுத் தருவதாக முதலாளி அந்த நிமிடமே அறிவித்தார். கைதட்டல் அடங்கினதும் அம்மா வாத்துக்காரர் பக்கத்தில் வந்து, அவர் கையை எடுத்து, அவருடைய நெஞ்சின் மேலேயே வைத்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னார். மனைவி தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"கையை நீங்களா வச்சீங்களா, அவங்க வச்சாங்களா?"

"அவங்கதான் வச்சாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நானும் எடுக்கல."

அவள் எழுந்து பட்டிக்குப் போய்விட்டாள். எத்தனை குத்தல் பேச்சு பேசுகிறவள், அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் போனது அவரை அறைந்த மாதிரி இருந்தது. தன் மேலேயே அவருக்கு அப்படி ஓர் அருவருப்பு வந்தது. ஆனாலும் அட்டையைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கழுத்திலேயே விட்டுவிட்டார்.

வாத்துகளை அனுப்புகிற நாளை விழாவாக நடத்தினார்கள். கரையில் பந்தல், மேடை, ஒலிபெருக்கி எல்லாம் வந்தன. இடமாற்றம் என்று துணியில் எழுதி ஒரு வண்டியின் பக்கவாட்டில் கட்டியிருந்தார்கள். வண்டி இறைச்சிச் சந்தை வண்டி. ஓட்டுநரை வாத்துக்காரருக்குப் பல காலமாகத் தெரியும். அந்த ஓட்டுநர் இவர் முகத்தைப் பார்க்காமல் கூண்டுகளை அடுக்கினார். வாத்துகள் பழகின கை என்று நம்பி ஒவ்வொன்றாக வாத்துக்காரர் கைக்கு வந்தன. அவர்தான் எடுத்துக் கொடுத்தார். மனைவி வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதிகாரி பேசினார். ஓடையைக் காப்பாற்ற முடியாது என்று சொன்னவர்கள் உண்டு, இன்றைக்கு அரசாங்கம் ஒரு துரும்பைக்கூட அசைக்காமல் சமூகமே தன்னைத்தானே அகற்றிக்கொண்டிருக்கிறது, இதைவிடப் பெரிய வெற்றி என்ன இருக்க முடியும் என்று கேட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். விழாவின் நினைவாக முதலாளி ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கல் கொடுத்திருந்தார். 'சமூகத்தால் காக்கப்பட்ட ஓடை' என்று அதில் பொறித்திருந்தது. அதை அறுத்து, தேய்த்து, மெருகேற்றிய வாரத்தில் ஓடை கூழாக வந்தது. கல்லைத் திறந்து வைத்தபோது எல்லாரும் ஓடைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், கல் தெரிய வேண்டும் என்பதற்காக.

வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளை உரித்தார்கள். வேறெங்கும் புள்ளி இல்லாததால் அந்த நீர்ப்பிடிப்புப் பகுதி முழு ஆரோக்கியம் அடைந்ததாக அறிவிக்கப்பட்டது. அம்மாவுக்கும் ஆலோசகருக்கும் இதே முறையை மற்ற ஓடைகளிலும் செய்து காட்டச் சொல்லி அழைப்பு வந்தது. போவதற்கு முன் அம்மா வாத்துக்காரரைக் கட்டிக்கொண்டு அழுதார். உண்மையான அழுகைதான்.

வாத்துக்காரருக்குப் பட்டறையில் வேலை சொன்னபடி கிடைத்தது. அறுக்கும் இயந்திரத்துக்குக் கீழே தேங்குகிற வெள்ளைத் தண்ணீரை ரப்பர் தள்ளியால் தள்ளித் தள்ளிக் குழாய் வாய்க்குக் கொண்டுபோய் விடுவது. கஷ்டமான வேலை இல்லை. இருமல் மட்டும் இருந்தது. கூலி ஒழுங்காக வந்தது. அவர் மனைவி அந்தக் கூலியில் சமைத்தாள், அவருக்குப் பரிமாறினாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாத்தில்லாத வாத்துக்காரரை ஊரில் இன்னும் வாத்துக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். தள்ளிக்காரர் என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் பட்டறைக் கதவுக்கு மச்சான் வந்து நின்றான். மனைவியின் தம்பி. பழைய பட்டிக்குக் கீழே ஓடைத் தண்ணீரை இறைத்துக் காய்கறித் தோட்டம் போட்டிருந்தான். கையில் ஒரு தக்காளிச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தான். வேரெல்லாம் வெள்ளையாகக் கட்டி தட்டியிருந்தது.

"தோட்டம் பூரா இப்படித்தான் மாமா. ஒண்ணு விடாம வாடிப்போச்சு. போட்டதெல்லாம் போச்சு. நான் அந்த ஆபீசுக்குப் போய் ரெண்டுல ஒண்ணு பார்க்கப்போறேன். நீங்க பங்காளர்தானே, யாரைப் பார்க்கணும்னு சொல்லுங்க."

வாத்துக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். தள்ளியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் தோளைப் பிடித்துக் கதவுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். அவர் கை வெள்ளை அவன் சட்டையில் அப்படியே பதிந்தது.

"யாரையும் பார்க்காத. உன் தோட்டத்துல ஒண்ணும் ஆகல. யாராவது கேட்டாலும் அப்படியே சொல்லு."

"என்ன மாமா பேசுறீங்க? செடி செத்துக் கிடக்குது."

"இப்ப செடிதான்டா போயிருக்கு. வாயைத் திறந்தா தோட்டமே போயிடும்."

மச்சான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பயந்துவிட்டாரா, விலைபோய்விட்டாரா என்று அந்தப் பார்வை தேடுகிற மாதிரி இருந்தது. வாத்துக்காரருக்கு அது புரிந்தது. செடியை அவன் கையிலிருந்து வாங்கி, யார் கண்ணிலும் படாமல் மண்ணில் புதைத்துக் காலால் மிதித்தார். உள்ளே தண்ணீர் தேங்க ஆரம்பித்துவிட்டது என்று மேஸ்திரி கூப்பிட்டார். வாத்துக்காரர் போய்த் தள்ளினார்.